ஒப்புமையைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்: எந்த இடத்தில் எதை எடுப்பது?

ஆங்கில–தமிழ் அகராதியில் 'சிமிலர்', 'அலைக்', 'அகின்', 'அனலாகஸ்', 'காம்பரபிள்' ஆகிய ஐந்தையும் தேடிப் பார்த்தால், 'ஒத்த', 'போன்ற', 'நிகரான' என்னும் மூன்று தமிழ்ச் சொற்களே இடம் மாறி மாறி நிற்கக் காணலாம். ஆங்கிலத்தைப் படித்துப் புரிந்துகொள்ள அது போதும். ஆனால் நாமே ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பமோ கட்டுரையோ அறிக்கையோ எழுத உட்காரும்போது அந்த அகராதி கைகொடுப்பதில்லை. நாவுக்கு முதலில் வருவதை எடுத்து வைத்துவிடுகிறோம். பெரும்பாலும் அது 'சிமிலர்' ஆகவோ 'சேம்' ஆகவோ இருக்கிறது. படிப்பவருக்குப் பொருள் ஏறத்தாழ விளங்கிவிடுவதால் தவறு யார் கண்ணிலும் படாமலே தொடர்கிறது. அந்த 'ஏறத்தாழ'வைக் குறைப்பதற்கான சில வழிகளை இங்கே சொல்கிறேன்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதியதன்று. தொல்காப்பியத்தின் உவமவியல், வினை, பயன், மெய், உரு என்ற நான்கின் அடிப்படையில் உவமை தோன்றும் என்று சொல்லி, உவம உருபுகளையும் அந்த நான்கிற்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. புலி போலப் பாய்ந்தான் என்றால் ஒப்புமை செயலில் இருக்கிறது; மாரி போல வழங்கினான் என்றால் பயனில்; துடி போன்ற இடை என்றால் வடிவில்; பவளம் போன்ற இதழ் என்றால் நிறத்தில். அந்தப் பங்கீட்டின்படி 'அன்ன' செயலுக்கும், 'புரைய' வடிவுக்கும், 'போல' நிறத்துக்கும் உரியவை. புலவர்கள் அந்த வரையறைக்குள் அடங்கி நிற்கவில்லை என்பது வேறு. இன்று எழுத்தில் 'போல'வும் பேச்சில் 'மாதிரி'யும் நான்கு வேலைகளையும் பார்த்துக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் இந்தக் கலப்பு இன்னும் முற்றுப்பெறவில்லை. அங்கே ஒவ்வொரு சொல்லும் தன் பழைய நிலத்தில் ஒரு காலையாவது ஊன்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே பேனாவை எடுக்கும் முன் 'ஒப்புமை எதில்?' என்று கேட்டுக்கொள்வது நல்லது. அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நாம் பேசுவது ஒரே பொருளைப் பற்றியா, இரண்டு பொருள்களைப் பற்றியா?

ஒன்றா, இரண்டா?

'நேற்றுக் கட்டியிருந்த அதே புடவை' என்பதற்கும் 'அதே மாதிரிப் புடவை' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழில் யாரும் தவறவிடமாட்டார்கள். முதலாவதில் புடவை ஒன்று, இரண்டாவதில் இரண்டு. ஆங்கிலத்தின் 'தி சேம் சாரி' இந்த இரண்டையும் குறிக்கும். சூழல் தெளிவாக இருந்தால் கவலையில்லை. விபத்து நடந்த தெருவில் மறுநாளும் 'தி சேம் கார்' நின்றது என்று அறிக்கையில் எழுதினால், அதே வண்டியா, அந்த நிறுவனத்தின் அதே வகை வண்டியா என்ற கேள்வி எழும். ஒருவர் குற்றவாளியாவதும் ஆகாததும் அதில் தொங்கலாம். ஒரே பொருள்தான் என்று அழுத்த வேண்டுமானால் 'தி வெரி சேம்' என்று எழுத வேண்டும். இரண்டு தனித்தனிப் பொருள்கள், ஆனால் வேறுபாடு தெரியவில்லை என்றால் 'ஐடென்டிகல்'.

'ஐடென்டிகல்' என்பது 'அதுவே' என்று பொருள்படும் 'இடெம்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பிறப்பு அப்படியிருந்தாலும், நடைமுறையில் 'தேடியும் வேறுபாடு காணவில்லை' என்ற அளவில்தான் அது நிற்கிறது. ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்தவர்களை 'ஐடென்டிகல் ட்வின்ஸ்' என்கிறோம். அவர்களுக்குக்கூடக் கைரேகை ஒன்றாக இருப்பதில்லை. இந்தச் சொல் உச்சநிலையைக் குறிப்பதால் இதன் முன் 'வெரி' வராது. 'நியர்லி', 'ஆல்மோஸ்ட்', 'விர்ச்சுவலி' போன்ற குறைத்துச் சொல்லும் அடைகளே வரும்.

'சிமிலர்' இதற்கு நேர்மாறானது. இதை எழுதும்போதே, வேறுபாடு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுவிடுகிறோம். இரண்டு ஒப்பந்தங்கள் 'சிமிலர்' என்றால், அவை ஒன்றல்ல என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பள்ளிக் கணிதம் இந்த எல்லையை மிகத் துல்லியமாக வரைந்து வைத்திருக்கிறது. கோணங்கள் சமமாகவும் பக்கங்கள் விகிதச் சமமாகவும் இருந்தால் 'சிமிலர்', நம் பாடநூல்களில் வடிவொத்த முக்கோணங்கள். அளவும் சேர்ந்து பொருந்தினால் 'காங்ருவன்ட்', அதாவது சர்வசம முக்கோணங்கள். 6 செ.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணமும் 60 மீட்டர் பக்கமுள்ள சமபக்க முக்கோணமும் வடிவொத்தவை. அவற்றைச் சர்வசமம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

சட்டமும் இந்தச் சொற்களைக் கலப்பதில்லை. இந்தியாவின் 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டம் 'ஐடென்டிகல்' என்பதையும் 'சிமிலர்' என்பதையும் அடுத்தடுத்து வைத்தாலும் ஒன்றாக்காமல் தனித்தனியே சொல்கிறது. 'டிசெப்டிவ்லி சிமிலர்' என்பதற்கு வரையறை தரும்போது அது 'ரிசெம்பிள்' என்ற வினையைக் கையாள்கிறது: ஏமாற்றவோ குழப்பவோ கூடிய அளவுக்கு ஒரு குறி மற்றொன்றின் சாயலை நெருங்கியிருந்தால், அது அவ்வகைக் குறி. 'ஃபால்சிகோ', 'ஃபால்சிடாப்' என்ற இரு மலேரியா மருந்துப் பெயர்களைப் பற்றிய வழக்கில், மருந்துகளைப் பொறுத்தவரை இந்தக் குழப்பத்தை இன்னும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பெயர்கள் ஐடென்டிகல் அல்ல என்ற வாதம் அங்கே யாருக்கும் உதவாது. சாயல் எந்த அளவுக்கு என்பதே கேள்வி.

அளவும் மதிப்பும்

தோற்றத்தை விட்டுவிட்டு அளவிலோ தகுதியிலோ உரிமையிலோ ஒப்புமை இருந்தால் 'ஈக்வல்'. இன்று நாம் போடும் சமக் குறியை 1557இல் முதன்முதலில் அச்சில் கொண்டுவந்த வேல்ஸ் நாட்டவர் ராபர்ட் ரெக்கார்ட், ஒரே நீளமுள்ள இரு இணைகோடுகளைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பதையே அந்தக் குறிக்குக் காரணமாகச் சொன்னார். 'ஈக்வல்' என்பதற்கும் 'அலைக்' என்பதற்கும் உள்ள இடைவெளியை மறக்கக் கூடாது. அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு சட்டத்தின் முன் எல்லாரும் ஈக்வல் என்கிறது. எல்லாரும் அலைக் என்று சொல்லவில்லை. தோற்றத்திலும் தொழிலிலும் மொழியிலும் வேறுபட்டவர்களுக்குத்தானே அந்தப் பிரிவு தேவைப்படுகிறது!

'ஈக்விவலென்ட்' என்ற சொல்லில் பின்பாதி, மதிப்பைக் குறிக்கும் லத்தீன் சொல். பொருள்கள் வேறு, ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் கணக்குத் தீரும். வேலைவாய்ப்பு விளம்பரங்களில் 'அல்லது அதற்கு இணையான' என்று வருவது இதுதான்: பட்டத்தின் பெயர் வேறாக இருக்கலாம், தகுதியாக ஏற்றுக்கொள்ளப்படும். மருந்துக் கடையில் விலை குறைந்த ஜெனரிக் மாத்திரை மூல மாத்திரைக்கு 'பயோஈக்விவலென்ட்' எனப்படுகிறது; அதே மருந்துப் பொருள் அதே வேகத்திலும் அளவிலும் உடலில் சேர்கிறது என்பது அதன் கருத்து. நிறமும் வடிவமும் சேர்க்கைப் பொருள்களும் வேறாக இருக்கலாம் என்பதால் அதை ஐடென்டிகல் என்று எழுதுவது தவறு.

இதே குடும்பத்தில் இரண்டு சிறு சொற்களைக் குறித்துக்கொள்ளலாம். 'டான்டமவுன்ட்' என்பதும் மதிப்பில் சமம் என்றே பொருள்படும். ஆனால் 'பேசாமலிருந்தது குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சமம்' என்பது போன்ற, பெரும்பாலும் கசப்பான சமன்பாடுகளுக்கே அது வரும். 'கவுன்டர்பார்ட்' என்பது பதவியில் உள்ள ஒப்புமை. இந்திய வெளியுறவு அமைச்சரின் ஜப்பானியக் கவுன்டர்பார்ட் என்றால் ஜப்பானின் வெளியுறவு அமைச்சர், அவ்வளவே; முகமும் கொள்கையும் ஒத்திருக்க வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியும் சாயல்

'லைக்' என்ற எளிய சொல்லின் அடியில் உடல் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'லிக்' என்றால் உடல். 'ஒரே உடலையுடைய' என்பதே 'லைக்' என்பதன் மூலப்பொருள். 'அலைக்', 'லைக்னஸ்' இரண்டும் அதன் பிள்ளைகள். ஒருவரைப் பார்த்து வரைந்த ஓவியத்தையே 'லைக்னஸ்' என்று சொல்வதற்கு அந்த உடல் நினைவுதான் காரணம் போலும். 'சிமிலர்', 'ரிசெம்பிள்', 'செம்பிளன்ஸ்' ஆகியவை லத்தீன் வழி வந்தவை. 'சேம்' பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அதுவும் நாம் 'சமம்' என்று கையாளும் வடசொல்லும் ஒரே இந்தோ–ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. ஆங்கிலத்தில் சேமும் தமிழில் சமமும் ஒலியில் நெருங்கியிருப்பது தற்செயல் அன்று.

முகச்சாடையைச் சொல்ல 'ரிசெம்பிளன்ஸ்' பொருத்தமானது. தமிழில் 'சாயல்' வரும் இடங்களில் பெரும்பாலும் இதை வைக்கலாம். இதன் முன் வரும் அடைமொழிகளைக் கவனிக்க வேண்டும்: 'ஸ்ட்ரைக்கிங்' என்றால் பார்த்தவுடன் படும் சாயல், 'அன்கேனி' என்றால் உடல் சிலிர்க்க வைக்கும் சாயல், 'பாஸிங்' என்றால் லேசான, ஒருகணம் வந்து மறையும் சாயல். மூன்றாவதை 'முழுச் சாயல்' என்று தப்பாக மொழிபெயர்த்திருப்பதைக் கண்டிருக்கிறேன்.

'சிமிலாரிட்டி' இதைவிடப் பொதுவானது; நிகழ்ச்சி, பெயர், கொள்கை, விலை எதிலும் இருக்கலாம். திரைப்படங்களில் 'யாரையும் குறிப்பிடுவன அல்ல' என்று வரும் அறிவிப்பின் ஆங்கில வடிவங்களில் இரண்டு சொற்களும் காணப்படுகின்றன. 1932இல் வெளிவந்த ஹாலிவுட் படம் ஒன்றில் தன்னை இழிவுபடுத்தியதாக ரஷ்ய இளவரசி இரினா யூசுப்போவ் லண்டனில் வழக்குத் தொடுத்து, 1934இல் வென்றார். படத்தில் அவர் பெயர் இல்லை, ஆனால் பாத்திரத்தைப் பார்த்தவர்கள் அவரைத்தான் நினைத்தார்கள். அதன் பிறகே அந்த அறிவிப்பு பரவலாயிற்று. ஆளை அடையாளம் காட்டிவிடும் சாயலைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது என்பதால், அந்த இடத்தில் 'ரிசெம்பிளன்ஸ்' தான் எனக்குக் கூர்மையாகப் படுகிறது.

'செம்பிளன்ஸ்' மீது ஒரு கண் வைத்திருக்க வேண்டும். பார்வைக்கு அது 'ரிசெம்பிளன்ஸ்' என்பதன் சுருக்கம் போலத் தெரியும். பொருளோ, உள்ளே இல்லாததை வெளியே காட்டும் தோற்றம், அல்லது பெயருக்கு மிஞ்சியிருக்கும் கொஞ்சம். 'எ செம்பிளன்ஸ் ஆஃப் ஆர்டர்' என்றால் ஒப்புக்கு ஓர் ஒழுங்கு. இந்த 'ஒப்புக்கு' என்ற தமிழ்ச் சொல்லே மிகச் சரியான மொழிபெயர்ப்பு என்பேன். ஒப்புமையைச் சொல்லும் அதே வேரிலிருந்து 'பேருக்கு மட்டும்' என்ற பொருளும் இரு மொழிகளிலும் தனித்தனியே பிறந்திருக்கிறது. ஒப்புக்குச் சப்பாணியாக ஆட்டத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளையை நினைத்துக்கொண்டால் 'செம்பிளன்ஸ்' மறக்காது.

குடும்பச் சாயலுக்கு 'டேக் ஆஃப்டர்' என்ற தொடர் உண்டு. 'பிள்ளை தாத்தாவைக் கொண்டு பிறந்திருக்கிறான்' என்பது இதற்கு மிக நெருங்கிய தமிழ். இது மேலிருந்து கீழே மட்டும் ஓடும்; பேரன் தாத்தாவை 'டேக் ஆஃப்டர்' செய்யலாம், தாத்தா பேரனைச் செய்ய முடியாது. நண்பர்களுக்கும் அயலாருக்கும் இது பொருந்தாது. முகத்துக்கு மட்டுமன்றிக் கோபத்துக்கும் குணத்துக்கும் வரும் என்பதால், 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்று நாம் சொல்லும் இடங்களுக்கும் ஏற்றது. உரித்து வைத்தாற்போல் இருக்கிறான் என்றால் 'ஸ்பிட்டிங் இமேஜ்'. உறவே இல்லாத ஒருவர் அச்சு அசலாக இருந்தால் 'டெட் ரிங்கர்'. அமெரிக்கக் குதிரைப் பந்தயங்களில் வேறு குதிரையின் பெயரில் ஓடவிடப்பட்ட குதிரைக்கு 'ரிங்கர்' என்று பெயர். உயிரோடு புதைக்கப்பட்டவர் மணியடித்த கதையை இதற்கு மூலமாகச் சொல்வது வெறும் கட்டுக்கதை.

வேரில் ஒன்றா, வேலையில் ஒன்றா?

வெளித்தோற்றத்தைத் தாண்டிய ஒப்புமைக்கு உயிரியல் ஒரு நல்ல பயிற்சிக்களம். 1843இல் ஆங்கிலேய உயிரியலாளர் ரிச்சர்ட் ஓவன் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்தார். வண்ணத்துப்பூச்சியின் இறகும் பறவையின் இறகும் 'அனலாகஸ்': வேலை ஒன்று, அமைப்பும் தோற்றுவாயும் வேறு. வௌவாலின் இறகும் திமிங்கிலத்தின் துடுப்பும் மனிதனின் கையும் 'ஹோமாலகஸ்': வேலை வேறு, எலும்பமைப்பு ஒன்று. அந்த ஒற்றுமைக்குப் பொது மூதாதையே காரணம் என்பது 1859இல் டார்வின் தந்த விளக்கம். அன்றாட எழுத்தில் 'ஹோமாலகஸ்' பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் 'அனலாகஸ்' என்று எழுதும் ஒவ்வொரு முறையும் 'வேலை ஒன்று, பொருள் வேறு' என்ற ஓவனின் பிரிப்பை நினைத்துக்கொள்ளலாம். கணினியின் நினைவகம் நூலக அலமாரிக்கு அனலாகஸ் எனலாம்; இரண்டு அலமாரிகளை அப்படிச் சொல்லக் கூடாது. உச்சரிப்பில், 'அனாலஜி' என்பதில் வரும் 'ஜ' ஒலி இதில் 'க' ஆக மாறிவிடும்.

உறவு முறையால் வந்த ஒப்புமைக்கு 'அகின்'. 'கின்' என்றால் இரத்த உறவு. 'அவருடைய மௌனம் கோபத்துக்கு அகின்' என்றால் இரண்டும் ஒரே குடும்பத்து உணர்ச்சிகள் என்று பொருள். 'அஃபினிட்டி' என்பதும் உறவுதான்; ஆனால் அதன் மூலப்பொருள் திருமணத்தால் வந்த உறவு. பங்காளிக்கும் சம்பந்திக்கும் வேறுபாடு தெரிந்த நமக்கு இது கடினமாக இருக்கக் கூடாது: பிறப்பிலேயே உள்ள நெருக்கம் 'அகின்', இயல்பு பொருந்தி ஒட்டிக்கொண்ட நெருக்கம் 'அஃபினிட்டி'.

வாக்கியத்தில் உட்கார வைப்பது

சொல் சரியாக இருந்தும் வாக்கியம் கெடும் இடங்கள் சில. 'அலைக்' பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வராது. 'தே லுக் அலைக்' சரி. 'டூ அலைக் ஹவுஸஸ்' தவறு, அங்கே 'சிமிலர்' வேண்டும். 'அகின்' என்பதும் பெயருக்குப் பின்னால் நிற்பதே வழக்கம். 'சிமிலர்' என்பதை 'டு' தொடரும்; நம்மவர் பேச்சில் அடிக்கடி வரும் 'சிமிலர் லைக்' எழுத்தில் கூடாது. 'ரிசெம்பிள்' என்ற வினைக்கு 'டு' தேவையே இல்லை. தமிழில் தந்தையை ஒத்திருக்கிறான் என்று இரண்டாம் வேற்றுமையோடு சொல்வதைப் போலவே 'ஹி ரிசெம்பிள்ஸ் ஹிஸ் ஃபாதர்' என்று நேராகச் சொல்லலாம். 'ஒத்திருக்கிறான்' என்பதில் உள்ள 'இருக்கிறான்' நம்மை 'இஸ் ரிசெம்பிளிங்' என்று எழுதத் தூண்டும். நாளுக்கு நாள் சாயல் கூடிவருகிறது என்ற பொருள் இல்லாதவரை அதைத் தவிர்க்க வேண்டும்.

'லைக்' என்பதா 'ஆஸ்' என்பதா என்ற தடுமாற்றத்துக்குத் தமிழே மருந்து வைத்திருக்கிறது. 'வழக்கறிஞராகப் பேசினார்' என்றால் அவர் வழக்கறிஞர்தான். அது 'ஆஸ் எ லாயர்'. 'வழக்கறிஞரைப் போலப் பேசினார்' என்றால் அவர் வழக்கறிஞர் அல்லர். அது 'லைக் எ லாயர்'. பெயரை அடுத்து 'ஆக' வந்தால் 'ஆஸ்', 'போல' வந்தால் 'லைக்'. ஆனால் வினையை அடுத்து 'போல' வரும்போது கணக்கு மாறும். 'நான் முன்பே சொன்னது போல' என்பதற்கு முறையான எழுத்தில் 'ஆஸ்' வர வேண்டும். 'ஒன்றும் தெரியாதது போல நடித்தான்' என்பதற்கு 'ஆஸ் இஃப்'. பேச்சில் இங்கெல்லாம் 'லைக்' நுழைந்து நெடுங்காலமாகிறது. 1954இல் அமெரிக்கச் சிகரெட் விளம்பரம் ஒன்று 'ஆஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'லைக்' போட்டதற்காக இலக்கணக்காரர்கள் பெரும் சண்டையே போட்டார்கள், விளம்பரம் நின்றுவிடவில்லை. இருந்தாலும் அலுவலகக் கடிதத்தில் பழைய விதியைப் பின்பற்றுவதே பாதுகாப்பு.

'அவர் எப்படி?' என்ற ஒரே தமிழ்க் கேள்விக்கு ஆங்கிலத்தில் மூன்று வடிவங்கள் உண்டு. உடல்நலம் என்றால் 'ஹவ் இஸ் ஹி?'; தோற்றம் என்றால் 'வாட் டஸ் ஹி லுக் லைக்?', குணம் என்றால் 'வாட் இஸ் ஹி லைக்?'. மூன்றாவதைக் கேட்டு, அவருக்கு என்ன பிடிக்கும் என்று பதில் சொல்பவர்கள் நம்மில் பலர்.

'கம்பேர்' என்பதற்குப் பின் 'டு' வந்தால் ஒப்புமையைச் சுட்டுவதும், 'வித்' வந்தால் ஒற்றுமை வேற்றுமை இரண்டையும் ஆராய்வதும் மரபு. நிலவைப் பெண்ணின் முகத்துக்கு ஒப்பிடுவது 'டு'. இரண்டு ஆண்டுகளின் வரவு செலவை ஒப்பிட்டுப் பார்ப்பது 'வித்'. இன்று பலரும் இதைக் கண்டுகொள்வதில்லை.

ஒட்டிக்கொள்ளும் விகுதிகள்

சொல்லின் கடைசியில் சேரும் சிறு விகுதிகளும் ஒப்புமை சொல்லும். '–ஆய்டு' என்பது கிரேக்கத்தில் வடிவத்தைக் குறிக்கும். அந்த வடிவம் உண்டு, அந்தப் பொருள் அன்று என்பது அதன் குறிப்பு. தொலைநோக்கியில் விண்மீன் போலப் புள்ளியாகத் தெரிந்தும் விண்மீன் அல்லாத சிறுகோள்களை 1802இல் வில்லியம் ஹெர்ஷல் 'ஆஸ்டராய்டு' என்று அழைத்தது இப்படித்தான். 'ஹியூமனாய்டு' ரோபோவும் அந்த வகையே.

'–லைக்', '–இஷ்' இரண்டிலும்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. நிறத்தோடு சேர்ந்த '–இஷ்' தீங்கற்றது. 'ரெடிஷ்' என்றால் சற்றே சிவந்தது. ஆளைக் குறிக்கும் சொல்லோடு சேர்ந்தால் பெரும்பாலும் வசையாகிவிடும். 'சைல்ட்லைக்' என்றால் குழந்தை மனம், 'சைல்டிஷ்' என்றால் சிறுபிள்ளைத்தனம். ஒருவருடைய கள்ளமற்ற ஆர்வத்தைப் புகழ்ந்து பரிந்துரைக் கடிதம் எழுதும்போது இந்த இரண்டில் எது கைக்கு வருகிறது என்று நின்று பார்த்துவிட்டு எழுத வேண்டும். தவறானதைப் போட்டால் அவருக்கு அந்த வேலை கிடைக்காது.